தர்பூசணி வண்டியில் இருக்கிறது

என் அண்ணி வெர்லீன் எடுத்த காரியத்தைப் பாதியில் விட்டவள் இல்லை. ஒரே ஒரு காரியம் மட்டும் விதிவிலக்கு. அதை வருஷா வருஷம் பாதியில் விட்டாள், விட்டதற்காக ஒரு நாளும் வெட்கப்பட்டதும் இல்லை.

மோவாப் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் சமையல்கட்டு அவள் பொறுப்பில் இருக்கிறது. ஒரு முறை, பிள்ளைகள் வாரமெல்லாம் நாக்கைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கும் இலவங்கப்பட்டை ரொட்டி நாளில், மாவு பொங்கி நிற்கிற நேரம் பார்த்து அடுப்பு நின்றுபோனது. வேறு யாராக இருந்தாலும் ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலத்தைக் கையில் திணித்து அனுப்பியிருப்பார்கள். வெர்லீன் தட்டுகளையெல்லாம் என் அண்ணன் லாமாரின் பிக்கப் வண்டியில் அடுக்கினாள். சர்ச் சமையலறையைத் திறக்கவைத்து அங்கே சுட்டு, சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் ஆவி பறக்கக் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். தலைமையாசிரியர் பாராட்ட வந்தார். "பாராட்டு கிடக்கட்டும் சார், அடுப்பை எப்ப மாத்துறீங்க?" என்று கேட்டாள். அடுத்த வாரம் புது அடுப்பு வந்தது.

நான் நெட்ரா, அவளுடைய நாத்தனார். மோட்டல் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வயதில் அவள் என்னைவிடக் கொஞ்சம் சின்னவள் என்பதால் இங்கே அவள் இவள் என்று எழுதுகிறேன், நேரில் மரியாதைதான். நாத்தனார் வாயிலிருந்து வரும் நல்ல வார்த்தையை நீங்கள் தாராளமாக நம்பலாம். அது சும்மா வராது.

அவள் பாதியில் விடுகிற காரியம் இதுதான். எங்கள் பாலைவன ஊருக்குத் தெற்கே, கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள், செம்பாறைகளுக்கு நடுவே ஒரு நடைபாதை போகிறது. பாதை முடிகிற இடத்தில் ஊசிக்காது என்று ஒரு பாறை வளைவு. வருஷத்துக்கு ஒரு நாள் எங்கள் குடும்பம் அந்தப் பாதையில் நடக்கும். லாமார், வெர்லீன், அவர்கள் மகள் ஷேலின், நான். ஷேலின் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து போகிறோம். எங்களில் ஒருவர்கூட ஊசிக்காதைப் பார்த்ததில்லை.

காரணம் வெர்லீன் போட்ட சட்டம். ஆளுக்கு இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர். போக ஒன்று, வர ஒன்று. நான்கு பேரில் யாருடைய முதல் பாட்டில் முதலில் காலியாகிறதோ, அந்த இடத்திலேயே எல்லோரும் திரும்ப வேண்டும். ஒருவர் பாட்டிலில் இன்னொருவர் வாங்கிக் குடித்துத் தூரத்தை நீட்டும் வேலையெல்லாம் நடக்காது. "தர்பூசணி வண்டியில இருக்கு" என்பாள். அந்த வார்த்தை வந்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. எடுத்து வைத்த காலைத் திருப்பி வைக்க வேண்டியதுதான்.

தர்பூசணி நிஜமாகவே வண்டியில்தான் இருக்கும். வெர்லீன் பிறந்தது தர்பூசணிக்குப் பேர்போன கிரீன் ரிவர் ஊரில். அவள் அப்பா போட்ட தோட்டத்தில் இப்போது அவள் தம்பி பழம் போடுகிறான். அங்கே விளைந்ததில் பெரியதாக ஒன்றை ஐஸ் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை வண்டியில் பூட்டிவிட்டுத்தான் நடக்கவே தொடங்குவோம். திரும்பி வந்ததும் வண்டியின் பின்கதவைப் பலகைபோல இறக்கி, அதன்மேல் வைத்து வெட்டுவாள். நட்டநடுவில் விதையே இல்லாமல் சர்க்கரையாக இருக்குமே, அந்த நெஞ்சுத் துண்டு அவளுக்கு. அதில் பங்கு கேட்கக்கூடாது. "திரும்புன்னு சொல்றவளுக்குத்தான் எல்லார்கிட்டயும் திட்டு. அந்தத் திட்டுக்குக் கூலி இது" என்பாள். ஷேலின் சின்ன வயதில் அதைப் பிடுங்கி வாயில் போடப்போய்ப் புறங்கையில் ஓர் அடி வாங்கியிருக்கிறாள்.

முதல் பாட்டிலைக் காலி செய்கிறவன் எப்போதும் என் அண்ணன்தான். பொட்டாஷ் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவன். ஆளும் பெரிய ஆள், வியர்வையும் பெரிய வியர்வை. நடக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே சட்டையைப் பிழியலாம்.

"நீ மட்டும் ஒட்டகமா பொறந்திருந்தா, அண்ணே, நாம எப்பவோ ஊசிக்காதைப் பாத்திருப்போம்" என்பேன்.

"ஒட்டகமா பொறந்திருந்தா உன்னையும் என் முதுகுல ஏத்திவிட்டிருப்பாங்க. இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்பான்.

பெட்ரோல் பங்குக்காரர் என் அண்ணிக்குப் 'பாதிக் கிணறு வெர்லீன்' என்று பெயரே வைத்துவிட்டார். "பாதிக் கிணறு தாண்டினவன் கிணத்துக்குள்ள கிடக்கான். நான் இதோ உங்க முன்னாடி நிக்கிறேன். டேங்க்கை ரொப்புங்க" என்று சொன்னாள். அவர் வாயை மூடிக்கொண்டு ரொப்பினார்.

சட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அன்று நானும் கூட இருந்தேன். ஷேலினுக்கு அப்போது பல் முளைக்கிற வயது. லாமார் அவளை முதுகில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தான். 'இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம்' என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தோம். தண்ணீர் தீர்ந்தது. திரும்பினோம். பிள்ளை வழியெல்லாம் அழுதாள். பிறகு அழுகையை நிறுத்திவிட்டாள். அப்பாடா, தூங்கிவிட்டாள் என்று லாமாரும் நானும் நினைத்தோம். வெர்லீன்தான் கிட்டே போய்க் கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள். கண் பாதி திறந்திருந்தது, பிள்ளை அசையவில்லை. எதிரே வந்த யாரோ ஒரு தம்பதி தண்ணீர் வைத்திருந்தார்கள். விரலை நனைத்து நனைத்து, உதட்டில் சொட்டுச் சொட்டாக விட்டாள் வெர்லீன். பிள்ளை மறுபடி வீறிட்டு அழுதபோது நாங்கள் மூவரும் மணலில் உட்கார்ந்து கூடவே அழுதோம். இனி வெர்லீன் இந்தத் திசைக்கே வரமாட்டாள் என்று நான் நினைத்தேன். அடுத்த வருஷம் அவளே முதுகுப்பையை எடுத்தாள். "போவோம். ஆனா நான் சொல்ற மாதிரி போவோம்" என்றாள்.

அந்தப் பிள்ளை இப்போது வளர்ந்து கடற்படையில் சேர்ந்துவிட்டாள். பாலைவனத்தில் பிறந்தது கப்பலுக்குப் போகிறது என்று ஊரே சிரித்தது. வெர்லீன் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ் ஏற வேண்டும். வீட்டில் யாராவது 'செவ்வாய்' என்று ஆரம்பித்தால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாள், கழுவின பாத்திரத்தையே கழுவுவாள்.

ஒரு நாள் சலவைக்கூடத்துக்கு வந்தாள். எனக்கு எதிரே நின்று ஒரு படுக்கை விரிப்பின் முனையைப் பிடித்து மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஷேலினுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியாது, நெட்ரா. பெட்ரோல் முள்ளு கீழ விழுந்தப்புறமும் ஓட்டிட்டுப் போய் நடுக்காட்டுல நின்னவ அவ. பொறந்ததுலேர்ந்து நான்தான் அவளை நிறுத்துறேன். அங்க போனா யாரு 'திரும்பு'ன்னு சொல்லுவா?"

"அங்க ஆபீசருங்க இருப்பாங்க, அண்ணி."

"அவங்க 'முன்னாடி போ'ன்னு சொல்றதுக்கு இருக்காங்க." விரிப்பை உதறி மறுபடி முதலிலிருந்து மடித்தாள்.

இதற்கு நடுவில்தான் அவள் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். "நீ போறதுக்கு முன்னாடி உனக்கு ஊசிக்காதைக் காட்டுறேன். சத்தியம்" என்று மகள் தலையில் அடித்துச் சொல்லிவிட்டாள். அகலக்கால் வைக்கவில்லை, யோசித்துத்தான் சொன்னாள். வழக்கமாக நாங்கள் செப்டம்பர் தொடக்கத்து விடுமுறையில், மண்டை காயும் வெயிலில் போவோம். இந்த வருஷம் அக்டோபரில் போகிறோம். வெயில் தணிந்திருக்கும், லாமாரின் பாட்டில் தாங்கும். தம்பி தோட்டத்தின் கடைசிப் பழத்தைச் சொல்லிவைத்து வாங்கிவந்தாள்.

அன்று விடியும்போது நடக்கத் தொடங்கினோம். லாமாரின் நடையில் ஒரு துள்ளல். முட்டிவலிக்காரன், பாறை ஏற்றங்களில் பெருமூச்சு விடுகிறவன், எங்களுக்கு முன்னால் சீட்டியடித்துக்கொண்டு போனான். தண்ணீரையும் மனம்போலக் குடித்தான். மணல் ஓடையைத் தாண்டும்போது தொப்பியில் வேறு ஊற்றிக்கொண்டான்.

"லாமார், அது குடிக்கிற தண்ணி. ஞானஸ்நானம் அப்புறம் எடுத்துக்கலாம்" என்றாள் வெர்லீன்.

"இன்னிக்கு என் பாட்டிலைப் பத்திக் கவலையே படாத."

"உன் பாட்டிலைப் பத்திக் கவலைப்பட்டே எனக்குத் தலை நரைச்சுது."

ஷேலின் சிரித்தாள். "அப்பா இன்னிக்கு ஏதோ திருட்டு முழி முழிக்கிறார், அத்தை. கவனிச்சீங்களா?" என்று என் காதில் சொன்னாள். கவனித்திருந்தேன். மகள் போகிற துக்கத்தை ஆண்பிள்ளை இப்படிச் சீட்டியடித்து மறைக்கிறான் என்று நினைத்து, பாவம் என்று விட்டுவிட்டேன்.

வெயில் எங்களை ஏமாற்றியது. அக்டோபர் என்று பெயர்தான், உச்சிக்கு வருவதற்குள் பாறை கையைச் சுட்டது. ஆனாலும் நடந்தோம். எந்த வருஷமும் வராத தூரம் வந்தோம். ஒரு வளைந்த ஜூனிப்பர் மரத்தடியில் நின்று பார்த்தபோது எதிரே ஒரே ஒரு மேடு. அதன் மறுபக்கம்தான் ஊசிக்காது. மேட்டின் விளிம்புக்குமேல் வளைவின் முதுகு கொஞ்சம் தெரிந்தது, சிவப்பாக. ஷேலின் "ஹோ!" என்று கத்தினாள், பாறைகள் திருப்பிக் கத்தின.

அந்த நேரம் பார்த்து லாமார் முதல் பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு விழுந்தது.

வெர்லீனின் முகம் சுருங்கிவிட்டது. "லாமார்..."

"பொறு, பொறு, பொறு." பல்லெல்லாம் தெரிந்தது அவனுக்கு. "எம் பொண்ணு ஊசிக்காதைப் பாக்கறா. இன்னிக்குப் பாத்தே தீருவா. போன வாரம் விறகு வெட்டப் போறேன்னு சொன்னேனே, எங்க போனேன்னு நெனச்சீங்க?" என்று சொல்லிக்கொண்டே மரத்துக்குப் பின்னால் இருந்த பாறை இடுக்குக்குப் போனான். அடைத்துவைத்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்தான். கையை உள்ளே விட்டு ஒரு பெரிய பிளாஸ்டிக் பால் டப்பாவை வெளியே இழுத்தான்.

இழுத்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது. தண்ணீர் உள்ள டப்பா அப்படிக் காற்றில் எழும்பாது. அடிப்பக்கத்தை எலிகள் கடித்து வட்டமாகத் தின்றிருந்தன. உள்ளே எலிப் புழுக்கையும் இரண்டு முள்ளும் கிடந்தன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

"பால் டப்பாவிலயா வெச்ச?" என்று கேட்டேன். "ஏன் அண்ணே, இந்த ஊர்லதான பொறந்த? எலிக்குத் தண்ணி வாசனை தெரியாதா? தகரத்துல வெச்சிருக்கலாம், கண்ணாடியில வெச்சிருக்கலாம். அதுங்களுக்குக் குழந்தைக்குப் பால் குடுக்கிற மாதிரி குடுத்துட்டு வந்திருக்கியே!"

"கல்லு வெச்சு அடைச்சேனே..."

"எலி கல்லைத் தூக்கிட்டா போகும்? சந்துலதான் போகும்."

வெர்லீன் என்னைக் கையமர்த்தினாள். "சரி. நடந்தது நடந்துபோச்சு. உன் ரெண்டாவது பாட்டிலை எடு, திரும்புவோம்."

லாமார் எடுக்கவில்லை. தரையைப் பார்த்தான். வெர்லீன் அவன் முதுகுப்பையைத் தானே திறந்து பாட்டிலை எடுத்தாள். அது காலையிலிருந்தே காலி.

"முட்டி வலிச்சுது" என்றான் மெதுவாக. "எப்படியும் இங்க வந்து ரொப்பிக்கப் போறோம், எதுக்கு வீணா சுமக்கணும்னு..."

துள்ளல் நடையின் ரகசியம் அதுதான். எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அந்த இடுக்குக்குள்ளேயே வைத்துக் கல்லால் அடைத்திருப்பேன். வெர்லீன் திட்டவில்லை. மரத்தடியில் போய் உட்கார்ந்தாள். மேட்டைப் பார்த்தாள். அதன் அடிவாரத்துக்குப் போய், முதல் பாறையில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிற மகளைப் பார்த்தாள். அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. பெற்றவள் செய்த சத்தியம், செவ்வாய்க்கிழமை, இதோ கைக்கெட்டும் தூரத்தில் வளைவின் முதுகு.

எழுந்து அவள் சொன்னதை என் காதால் கேட்டிருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். "நீங்க ரெண்டு பேரும் நிழல்ல உட்காருங்க. நான் இவளை மட்டும் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வந்துடறேன். இந்த ஒரு தடவை."

என் வாயில் 'சரி' என்ற வார்த்தை வந்தே விட்டது. அதற்குள் ஷேலின் பாறையிலிருந்து காலை எடுத்தாள். திரும்பி வந்தாள். எல்லோருடைய பாட்டிலையும் வாங்கி ஒரு தட்டைப் பாறைமேல் வரிசையாக வைத்தாள். முழுசாக மூன்று பாட்டில், லாமார் தவிர மற்ற மூவரின் முதல் பாட்டில் அடியில் ஒவ்வொரு வாய். அவ்வளவுதான். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். லாமாரின் முகம் சிவந்திருந்தது, வியர்வை வற்றத் தொடங்கியிருந்தது, உடம்பில் தண்ணீர் தீர்கிற அறிகுறி.

தன்னுடைய முழுப் பாட்டிலை எடுத்து அவன் கையில் வைத்தாள். "அப்பா, இது உங்களுது."

பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "தர்பூசணி வண்டியில இருக்கு" என்றாள்.

வெர்லீன் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"ஷேலின், நான் உன் தலையில அடிச்சு சத்தியம் பண்ணிருக்கேன்."

"பண்ணினீங்க. சட்டமும் நீங்கதான் போட்டீங்க. எது முதல்ல?"

"இதோ தெரியுதுடி. இந்த மேடு ஏறினா முடிஞ்சுது. இன்னும் கொஞ்ச தூரம்..."

"அம்மா." ஷேலின் குரலை உயர்த்தவில்லை. "'இன்னும் கொஞ்ச தூரம்'னு உங்க வாயிலேர்ந்து நான் கேட்டதே இல்ல. அது கல்லு, எங்கயும் ஓடிப்போகாது. பையை மாட்டுங்க."

வெர்லீன் மகளை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தாள், யாரோ புதிய ஆளைப் பார்ப்பதுபோல. பையை மாட்டினாள். முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் அழுகிறாள் என்று தோள்கள் குலுங்குவதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். துக்கத்தில் அழுகிறவள் அப்படி நிமிர்ந்து நடக்க மாட்டாள்.

திரும்பும் வழி முழுவதும் ஷேலின் ராஜ்யம். எல்லாப் பாட்டில்களும் அவள் பையில் இருந்தன. எந்த நிழலில் நிற்பது, யார் எவ்வளவு குடிப்பது, எல்லாம் அவள் சொன்னபடி. மணல் ஓடையில் லாமாருக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. உட்கார்ந்தவன் எழ மறுத்தான். ஷேலின் சாப்பாட்டோடு கொண்டுவந்திருந்த வெள்ளரி ஊறுகாய் ஜாடியைத் திறந்து, உப்பு நீரில் ஊறிய காயைத் தின்னவைத்து, அந்த உப்புத் தண்ணீரையும் குடிக்கவைத்தாள்.

"எனக்குப் போதும்மா. மீதியை வெச்சுக்கோ, அப்புறம் தேவைப்படும்" என்றான்.

"பாட்டில்ல இருக்கிற தண்ணி யாரையும் காப்பாத்தாதுப்பா. வயித்துக்குள்ள போகணும். குடிங்க."

"உங்கம்மா மாதிரியே பேசற."

"வேற யார் மாதிரி பேசுவா?" என்றேன். அதற்குப் பிறகுதான் அவன் எழுந்தான். வண்டியின் மேற்கூரை வெயிலில் மின்னுவதைக் கண்டபோது கடைசிப் பாட்டிலில் உள்ளங்கையளவு தண்ணீர் இருந்தது. அந்த மேட்டை ஏறி இறங்கியிருந்தால் என் அண்ணனை நாங்கள் தூக்கித்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். அந்த உடம்பைத் தூக்க எங்கள் மூன்று பேராலும் முடியாது.

லாமார் வண்டி நிழலில் காலை நீட்டிப் படுத்து, வண்டியில் இருந்த தண்ணீர்க் கேனையே வாயில் கவிழ்த்துக்கொண்டான். "நான் செத்தா அந்த எலிங்களைச் சும்மா விட்றாதீங்க" என்றான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்துகொண்டு, காலையிலிருந்து சேர்த்துவைத்த திட்டு முழுவதையும் அப்போது கொடுத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டான்.

வெர்லீன் பின்கதவை இறக்கினாள். ஐஸ் பெட்டியைத் திறந்து பழத்தை எடுத்தாள். கத்தி பட்டதும் படாததுமாக அது தானே வெடித்துப் பிளந்தது. இரண்டு வெட்டில் நடு நெஞ்சைத் தனியாக எடுத்தாள். பழக்கத்தில் நான் வேறு பக்கம் பார்த்தேன், லாமாரும் வேறு பக்கம் பார்த்தான். அந்தத் துண்டைப் பார்க்கிறவர்களை அவளுக்குப் பிடிக்காது.

"பிடி" என்று குரல் கேட்டது. திரும்பினேன். துண்டு கத்தி நுனியில் ஷேலினுக்கு எதிரே நீண்டிருந்தது.

"அம்மா, இது உங்களுது."

"திரும்புன்னு சொன்னது யாரு?"

ஷேலின் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தின்றாள். சாறு முழங்கை வழியாக ஓடிச் சொட்டியது.

வெர்லீன் தோலோரத்துத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, பின்கதவில் மகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். எல்லாம் விதை. ஒரு கடி கடித்தாள். ஒரு விதையை மணலில் துப்பினாள்.

"ஏண்டி," என்றாள், "செவ்வாய்க்கிழமை பஸ்ஸு எத்தனை மணிக்கு?"